கபாப்: கரிசல் காட்டுக் கரியும் நம் வீட்டு அடுப்பும்



அஸர் தொழுகை முடிந்து மஃரிபுக்கு முன்னால் நம் ஊர்க் கடைத்தெருவைக் கடப்போர் எவரும் அந்த மணத்தைக் கடந்தே ஆக வேண்டும். நிமிர்த்தி வைத்த கம்பியில் கோழிக்கறி அடுக்கடுக்காகச் சுழல்கிறது. நீண்ட கத்தி அதைச் சீவுகிறது. இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ இக்காட்சி இல்லை. இன்று கபாப், ஷவர்மா, தந்தூரி என்னும் பெயர்கள் நம் பிள்ளைகளுக்குக் கம்பங்கூழைவிட நெருக்கமாகிவிட்டன.

இவ்வுணவை வெறுமனே கண்டிப்பது எளிது. ஆனால் ஒரு பொருளின் வரலாற்றை அறியாமல் அதைக் கண்டிப்பதும் முறையன்று, கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும் முறையன்று. எங்கிருந்து வந்தது இது? நம் வறண்ட பூமிக்கும் இதற்கும் என்ன உறவு? இதை ஹலாலாகவும் தூய்மையாகவும் நம் வீட்டு அடுப்பிலேயே ஆக்கிக்கொள்ள இயலுமா? இக்கட்டுரையில் இம்மூன்று வினாக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்வோம்.

சொல்லின் வரலாறு

நெருப்பில் வாட்டிய இறைச்சி மனிதகுலத்தின் மிகப் பழைய சமையல். திருக்குர்ஆனில் இப்ராஹீம் (அலை) அவர்கள் தம்மிடம் விருந்தினராக வந்தவர்களுக்குப் பொரித்த கன்றின் இறைச்சியைக் கொண்டுவந்து வைத்த செய்தி ஹூது அத்தியாயத்தில் வருகிறது. அங்கே ஆளப்பட்டிருக்கும் சொல் ‘ஹனீத்’. சுட்ட கற்களின் வெப்பத்தில் வாட்டிய இறைச்சியை அது குறிக்கும் என விரிவுரையாளர்கள் விளக்குவர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஆட்டின் சப்பைக் கறியைக் கத்தியால் அறுத்து உண்டுகொண்டிருக்கையில் தொழுகைக்கு அழைப்பு வரவே, கத்தியை வைத்துவிட்டு எழுந்து தொழுதார்கள் என்னும் செய்தியை அம்ர் இப்னு உமய்யா (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். சுவையான உணவு கையில் இருந்தபோதும் கடமை முந்தியது என்பதே அதில் நமக்குள்ள பாடம்.

‘கபாப்’ என்னும் சொல் அரபு, பாரசீகம், துருக்கி ஆகிய மூன்று மொழிகளிலும் உலவுவது. 1311இல் மறைந்த இப்னு மன்ளூர் தொகுத்த ‘லிஸானுல் அரப்’ என்னும் பேரகராதி, கபாபை ‘தபாஹிஜா’ என்று பொருள் கூறுகிறது. தபாஹிஜா என்பது சிறு துண்டுகளாக நறுக்கி வதக்கிய இறைச்சி. ஆக, கபாப் என்றாலே கம்பியில் குத்திச் சுட்டது என்று நாம் இன்று கொள்ளும் பொருள் தொடக்கத்தில் இத்தனை கட்டாயமாக இருக்கவில்லை. சட்டியில் வறுத்ததும் கபாபாகவே இருந்தது. வீட்டில் சமைப்போர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பியும் இயந்திரமும் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை என்பதற்கு அகராதியே சான்று.

பின்னாளில் வந்த பெயர்கள் கருவியையோ செயலையோ சுட்டுகின்றன. ‘சீக்’ என்பது பாரசீகத்தில் கம்பி. ‘ஷிஷ்’ என்பது துருக்கியில் அதே கம்பி. ‘டோனர்’ என்பது சுழல்வது என்று பொருள்படும் துருக்கிச் சொல். ‘ஷவர்மா’ என்பதும் திருப்புதல் எனப் பொருள்படும் ‘செவிர்மே’ என்னும் துருக்கிச் சொல்லின் அரபு வடிவமே. அரபு நாட்டு உணவு என்று நாம் எண்ணும் ஷவர்மாவின் பெயரே உஸ்மானியப் பேரரசின் மொழியிலிருந்து அரபுக்குச் சென்றது.

கம்பி நிமிர்ந்த கதை

கிடைக்கம்பியில் இறைச்சியைச் சுழற்றிச் சுடும் வழக்கம் மிகப் பழையது. கம்பியை நெட்டாக நிறுத்திப் பக்கவாட்டில் தணலை வைத்ததே 19ஆம் நூற்றாண்டின் புதுமை. உருகும் கொழுப்பு தணலில் விழுந்து புகையாமல் இறைச்சியின் மீதே வழிந்து இறங்குவது இதனால் விளைந்த நன்மை. 1855 வாக்கில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் எடுத்த நிழற்படமொன்றில் இவ்வாறு நிறுத்திய கம்பியைக் காணலாம். துருக்கியின் பூர்சா நகரில் இஸ்கந்தர் எஃபெண்டி என்பவர் 1867 முதல் இம்முறையைப் புகழ்பெறச் செய்தார் என்பது அக்குடும்பத்தார் கூறும் வரலாறு.

தட்டில் வைத்து அமர்ந்து உண்ட உணவு, நடந்துகொண்டே உண்ணும் பொட்டலமாக மாறியது ஜெர்மனியில். 1961 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கான துருக்கியர் அந்நாட்டுத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து ஆள்சேர்ப்பு நின்றது. வேலை இழந்தோர் பலர் சிறு கடைகள் வைத்துப் பிழைக்கத் தொடங்கினர். காதிர் நுர்மான் என்பவர் 1972இல் பெர்லினில் ரொட்டிக்குள் டோனரை வைத்து விற்றதாகச் சொல்லப்படுகிறது. அவருக்கு முன்னரே தாம் விற்றதாக உரிமை கொண்டாடுவோரும் உண்டு. யார் முதல்வர் என்பது நமக்கு முக்கியமன்று. வேலைக்கு ஓடும் ஏழைத் தொழிலாளி நின்றபடியே பசியாற வேண்டும் என்னும் தேவையே அவ்வுணவைப் பிறப்பித்தது என்பதுதான் முக்கியம்.

அதே எண்ணெய் நெருக்கடி வளைகுடா நாடுகளைச் செல்வத்தில் ஆழ்த்தியது. நம் கிழக்குச் சீமையிலிருந்து ஆடவர்கள் துபாய்க்கும் சவூதிக்கும் குவைத்துக்கும் புறப்பட்டதும் அதன் பிறகே பெருகியது. மழை பொய்த்த கண்மாய்களும் விளையாத கரிசலும் அவர்களை அனுப்பி வைத்தன. பெர்லினில் துருக்கியர் நின்றபடி உண்டதைப் போலவே, அங்கே நம் சகோதரர்கள் வேலை முடிந்த இரவில் ஷவர்மாவை உண்டார்கள். விடுமுறைக்கு வந்தபோது அதன் பேச்சையும், பின்னர் அதன் தொழிலையும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். நம் கடைத்தெருவில் சுழலும் அக்கம்பி ஆடம்பரத்தின் அடையாளமாகத் தோன்றலாம். அதன் பின்னால் இருப்பதோ பஞ்சம் பிழைக்கப் போனவர்களின் வரலாறு.

நம் மண்ணில் சுட்ட கறி

அப்படியானால் தமிழகத்துக்குச் சுட்ட இறைச்சி புதிதா? இல்லை. கரிகால் சோழனின் விருந்தைப் பாடும் பொருநராற்றுப்படை, இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியைக் குறிப்பிடுகிறது. கபாப் என்ற பெயர் இங்கு வருமுன்பே அப்பொருள் இங்கே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெயர் இரு வழிகளில் வந்தது. ஒன்று வடக்கு வழி. மாளவச் சுல்தான் கியாஸ் ஷாவின் காலத்தில், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய ‘நிஅமத்நாமா’ என்னும் பாரசீகச் சமையல் நூலில் கபாப் வகைகள் உள்ளன. முகலாயர், தக்காணத்துச் சுல்தான்கள், பின்னர் ஆற்காட்டு நவாபுகள் என அவ்வழி தெற்கே இறங்கியது. மற்றொன்று கடல்வழி. நம் கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற பட்டினங்களில் அரபு வணிகர்கள் நூற்றாண்டுகளாக வந்து தங்கினர். எனினும் கடற்கரை முஸ்லிம்களின் சமையல் தேங்காய்ப்பாலையும் அரிசியையும் மீனையும் தழுவி வளர்ந்தது. அங்கே தணலைவிடப் பானைக்கே முதலிடம்.

இவ்விரு வழிகளுக்கும் நடுவே கிடப்பது நம் வானம் பார்த்த பூமி. இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985இல்தான் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அருப்புக்கோட்டையில் தறி, சுற்றிலும் பருத்தியும் கம்பும் சோளமும். திருச்சுழி வழியே பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் குண்டாறு. இங்கே கறி எடுப்பது திருநாளுக்கும் விருந்துக்கும் மட்டுமே என்றிருந்த காலம் வெகுதொலைவில் இல்லை. ஓர் ஆட்டை அறுத்தால் அதை வீணாக்காமல் பகிர்வதே முதல் கவலை. மிஞ்சியதை மஞ்சளும் உப்பும் தடவி வெயிலில் கோத்து உலர்த்தினால் உப்புக்கண்டம். சுவரொட்டியைக் கம்பியில் குத்தித் தணலில் வாட்டிச் சோகை பிடித்த பிள்ளைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுப்பார்கள். ஹஜ்ஜுப் பெருநாளில் ஈரலை முதலில் சுட்டுச் சுவைப்பது இன்றும் பல வீடுகளில் உள்ள வழக்கம். பெயர் வேறு, செயல் கபாபே.

பின் ஏன் அது இங்கே பெருஞ்சமையலாக வளரவில்லை? விறகில் ஒரு காரணம் இருப்பதாக நாம் கருதுகிறோம். கரிசல் வீடுகளின் பழைய எரிபொருள் பருத்திமார், சோளத்தட்டை, எருவாட்டி. பருத்திமார் சடசடவெனக் கொழுந்துவிட்டு எரியும். சிறிது நேரத்தில் சாம்பலாகும். குழம்பு கொதிக்க அது போதும். நின்று நிதானமாகக் கனலும் தணல் அதிலிருந்து கிடைக்காது. கபாபுக்கு வேண்டியதோ சுடர் அன்று, தணல்.

கருவையும் கரியும்

அந்தத் தணலைத் தரும் மரம் பின்னர் வந்தது. வேண்டியதற்கு மேலாகவே வந்தது. சீமைக்கருவேலம் என்றும் வேலிக்கருவை என்றும் நாம் அழைக்கும் அம்மரத்தின் தாயகம் மெக்சிகோ, தென் அமெரிக்கா, கரீபியத் தீவுகள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குள் வந்த இம்மரம், 20ஆம் நூற்றாண்டின் நடுவில் விறகுப் பஞ்சம் தீர்க்கவும் வேலி அமைக்கவும் தமிழகத்தில் பரப்பப்பட்டது. இன்று நம் கண்மாய்களையும் தரிசுகளையும் ஆற்றுப்படுகைகளையும் அது அடைத்து நிற்கிறது. அதை அகற்றும்படி 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டதை வாசகர்கள் அறிவார்கள்.

விளைச்சல் இல்லாத ஆண்டுகளில் நம் மக்களுக்குச் சோறு போட்டதும் இம்மரமே. கருவையை வெட்டித் துண்டுகளாக்கி, வட்டமாக அடுக்கி, வைக்கோலும் தழையும் பரப்பி, மேலே மண் பூசித் தீ வைப்பதே கரிமூட்டம். காற்று மிகாமல் நாட்கணக்கில் அது உள்ளேயே கனல வேண்டும். மூடிய மண்ணில் விரிசல் கண்டால் உடனே அடைக்க வேண்டும். தவறினால் உழைப்பு முழுவதும் சாம்பல். இரவும் பகலும் புகைக்குள் நின்று காவல் காத்து, பின்னர் மூட்டத்தைப் பிரித்துக் கரியைத் தரம் பிரித்துச் சாக்கில் நிரப்புகிறார்கள். அச்சாக்குகள் லாரி ஏறி வெளியூர்களுக்குச் செல்கின்றன.

இதில் ஒரு வியப்பு உண்டு. அமெரிக்காவில் இறைச்சி சுடுவதற்கு மிகச் சிறந்த விறகென்று போற்றப்படும் ‘மெஸ்கீட்’ நம் வேலிக்கருவையின் நெருங்கிய இனம். மெக்சிகோவின் பூவெப்லா நகரில் 1930களில் அரபு நாடுகளிலிருந்து குடியேறியோர் தம் ஷவர்மாவை ரொட்டியில் வைத்து விற்றனர். பின்னர் அவ்வூரார் நமக்கு விலக்கப்பட்ட பன்றியிறைச்சியில் அதைச் செய்யத் தொடங்கினர். மிளகாயும் பப்பாளியும் அதே அமெரிக்க நிலத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்தியா வந்தவை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு வற்றலின் மூதாதையும் அங்கேதான் விளைந்தது. இறைவன் தன் பூமியில் பொருள்களை எப்படியெல்லாம் கைமாற்றுகிறான் என்று எண்ணிப் பாருங்கள். கரி நம்முடையது, வற்றல் நம்முடையது, ஆடு நம்முடையது. இப்பகுதியின் கன்னி ஆடும், வேம்பூர்ச் செம்மறியும் வறட்சியைத் தாங்கி வளரும் நல்லினங்கள். எல்லாம் நம்மிடம் இருக்க, கபாப் மட்டும் வெளியில் வாங்கும் பண்டமாக ஏன் இருக்க வேண்டும்?

தூய்மை என்னும் நிபந்தனை

இக்கேள்வி வெறும் சிக்கனத்துக்காக எழுப்பப்படுவதன்று. 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா உண்ட ஒரு மாணவி உயிரிழந்தார்; பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2023 செப்டம்பரில் நாமக்கல்லிலும் ஷவர்மா உண்ட பின்னர் ஒரு சிறுமி உயிரிழந்தார். 2025 ஏப்ரலில் தமிழக அரசு பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. பள்ளிக்குச் செல்லும் வயதுப் பிள்ளைகள் ஒரு மாலைச் சிற்றுண்டிக்காக உயிரை இழப்பது எளிதாகக் கடந்து செல்லக்கூடிய செய்தி அன்று.

தவறு எங்கே நிகழ்கிறது? சுழலும் கம்பியில் இறைச்சியின் வெளிப்புறம் வேகும். உட்புறம் பச்சையாகவே இருக்கும். வெந்ததை மெல்லியதாகச் சீவி, அடுத்த படலம் வேகும்வரை காத்திருப்பதே அதன் முறை. கூட்டம் மிகும்போது ஆழமாகச் சீவினால் வேகாத கறி ரொட்டிக்குள் போகும். கூட்டம் குறைந்து தீயைத் தணித்தால் இறைச்சி நெடுநேரம் வெதுவெதுப்பில் கிடக்கும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பமே கிருமிகள் பெருகும் எல்லை. மிஞ்சியதை மறுநாளும் சுழல விட்டால் ஆபத்து இரட்டிப்பாகும்.

திருக்குர்ஆனின் பகரா அத்தியாயம், 168ஆம் வசனம், பூமியில் உள்ளவற்றில் ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்ணுமாறு மனிதர் அனைவரையும் நோக்கிச் சொல்கிறது. நாம் முதற்சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டோம். ‘ஹலால்’ பலகை இருக்கிறதா என்று பார்க்கிறோம். தய்யிப், அதாவது தூயதும் நல்லதுமாக அது இருக்கிறதா என்று கேட்பதில்லை. முறைப்படி அறுத்த கோழியாயினும் கெட்டுப்போனால் அது உடலுக்குக் கேடு. நேர்மையாகவும் தூய்மையாகவும் தொழில் செய்யும் கடைக்காரர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களின் பிழைப்பைக் குலைப்பது நம் நோக்கமன்று. கேட்டுப் பார்த்து வாங்கும் வாடிக்கையாளர்களே அத்தகையோருக்குத் துணை.

வீட்டில் செய்யும் முறை

கடைச் சுவையை வீட்டில் வரவழைக்கச் சுழலும் கம்பி தேவையில்லை. இட்லிக் கொப்பரையும் தோசைக்கல்லும் போதும்.

எலும்பில்லாத ஆட்டுச் சப்பைக் கறி அரைக் கிலோ வாங்குங்கள். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கட்டும். இல்லையெனில் கறி வறண்டுவிடும். கடைக்காரரிடமே இருமுறை கொத்துக்கறியாக அரைத்துத் தரச் சொல்லுங்கள். பெரிய வெங்காயம் ஒன்றைத் துருவி நீரைப் பிழிந்துவிடுங்கள். நீர் இருந்தால் கறி உதிரும். அத்துடன் உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள், சீரகத்தூள், மல்லித்தூள், முண்டு வற்றல் தூள் ஆகியவை ஒவ்வொரு தேக்கரண்டி, கெட்டித் தயிர் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்துப் பரோட்டா மாவு பிசைவதைப் போலப் பத்து நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். கறி கையில் இழுத்து ஒட்டும் பதம் வர வேண்டும். உப்பும் பிசைவும் சேர்ந்து கறியின் புரதத்தைப் பசையாக்குகின்றன. துண்டு போடும்போது உடையாமல் நிற்பது அதனால்தான்.

ஒரு மணி நேரம் குளிரில் வைத்துப் பின்னர் கைப்பிடி அளவு பருமனில் உருளையாக்கி, வாட்டிய வாழையிலையில் இறுக்கிச் சுற்றிக் கட்டி, கொப்பரையில் நாற்பது நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். நடுப்பகுதியின் வெப்பம் 74 பாகையைத் தொட வேண்டும். கருவி இல்லாதோர் குத்திப் பார்த்தால் சிவந்த நீர் வரக்கூடாது. நன்கு ஆறிய பின் கூரிய கத்தியால் வெங்காயத் தோல் போல மெல்லிதாகச் சீவி, காய்ந்த தோசைக்கல்லில் சிறிது எண்ணெயிட்டு ஓரம் முறுகும்வரை புரட்டுங்கள். கடைக் கபாபின் சுவை அந்த முறுகலில்தான் இருக்கிறது. சூட்டில் புரதமும் சர்க்கரையும் கூடி இப்பழுப்பையும் மணத்தையும் தருகின்றன என்பதை 1912இல் மெய்யார் என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கினார்.

கரியின் மணம் வேண்டுவோர் நன்கு கனன்ற ஒரு கங்கைச் சிறு கிண்ணத்தில் இட்டு, சீவிய கறியின் நடுவே வைத்து, அரைத் தேக்கரண்டி நெய் விட்டு மூன்று நிமிடம் மூடி வைக்கலாம். கரியடுப்பையே பயன்படுத்துவோர் முற்றத்திலோ மொட்டை மாடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். அடைத்த அறையில் கரி எரிந்தால் எழும் நச்சுக்காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்கியவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

மயோனைசுக்கு மாற்றாகக் கெட்டித் தயிரில் நசுக்கிய பூண்டும் எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்தால் போதும். சப்பாத்தியிலோ பரோட்டாவிலோ கறியை வைத்து, வெங்காயமும் வெள்ளரியும் சேர்த்துச் சுற்றிக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் உண்ணாததைக் குளிர்பெட்டியில் வையுங்கள்; மறுமுறை ஆவி பறக்கச் சூடாக்கியே உண்ணுங்கள்.

யார் கையில் அடுப்பு?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். “வீட்டிலேயே செய்” என்று ஆண்கள் சொல்வது, ஏற்கெனவே ஓய்ந்திருக்கும் பெண்கள் தலையில் மற்றொரு சுமையை ஏற்றுவதாக அமைந்துவிடக் கூடாது. அண்ணலார் (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் பணிகளுக்கு உதவியாக இருந்தார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். கடை வாசலில் அரை மணி நேரம் நிற்க முடிகிற இளைஞனுக்குக் கொத்துக்கறி பிசையப் பத்து நிமிடம் கிடைக்காதா? பிசைவதும் சீவுவதும் வலுவான கைகளுக்கு ஏற்ற வேலை. கபாபைக் கடைகளில் வளர்த்தவர்களும் ஆண்களே.

குழம்பு காய்ச்சினால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு நபியவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. சுடும் கறியின் மணம் குழம்பின் மணத்தைவிடத் தொலைவுக்குச் செல்லும். அம்மணம் எட்டிய வீடுகளில் வறியவர் இருந்தால், அவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. நம் அடுப்பில் கனலும் கரி, கருவைக் காட்டில் புகைக்குள் நின்ற ஒருவரின் உழைப்பு என்பதும் நினைவில் இருக்கட்டும். அவர் எந்தச் சமயத்தவராயினும் அவருக்குரிய கூலி குறையாமல் போய்ச் சேருமாறு வாங்குவதும் விற்பதும் நம் பொறுப்பே.

நமக்கு அருளப்பட்ட உணவை ஹலாலானதாகவும் தூயதாகவும் ஆக்கி, அதை வீண்விரயம் செய்யாமல் பகிர்ந்துண்ணும் நல்வாய்ப்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.